சக்கரத்தின் சாட்சியம்

பெங்களூரு ஜே.சி. சாலையின் உதிரிபாகக் கடைகளில் அடிக்கடி கேட்கப்படும் பொருள்களில் ஒன்று, விரல் நீளமே உள்ள ஒரு சிறு உணரி. பட்டறை வழக்கில் அதன் பெயர் ‘ஏபிஎஸ் சென்சார்’. காரின் முகப்புப் பலகையில் ஏபிஎஸ் என்னும் மஞ்சள் விளக்கு அணையாமல் நின்றுவிட்டால் முதலில் சந்தேகிக்கப்படுவது இதுதான். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவார்கள். விளக்கு அணையும், அல்லது இரண்டு நாள் கழித்து மீண்டும் எரியும். அடுத்து வயரைக் குறை சொல்வார்கள், பிறகு பேரிங்கை, பிறகு கட்டுப்பாட்டு அலகை. எதுவும் பலிக்காதபோது விளக்குக்குச் செல்லும் மின்னிணைப்பையே துண்டித்துவிடுவதும் உண்டு. பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார் என்றால் அந்த முடிவுக்கு விரைவாகவே வந்துவிடுகிறார்கள்.

இதை மெக்கானிக்கின் திறமைக்குறைவாக எண்ணி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இந்த உணரி பிறந்து வளர்ந்த விதத்தைப் பார்த்தால், சிக்கல் பட்டறையில் தோன்றியதன்று என்பது தெரியவரும். தொடக்க கால ஏபிஎஸ் அமைப்புகளின் கணினிக்குக் காரின் வேகம் நேரடியாகத் தெரியாது. சக்கரங்கள் தத்தம் சுழற்சியைப் பற்றிச் சொல்வதை ஒப்பிட்டு, கார் இவ்வளவு வேகத்தில் போகிறது என்று அது ஊகித்துக்கொள்கிறது. ஒரு சக்கரம் வாய் திறக்காவிட்டால் கணினி அதைக் கண்டுகொள்ளும். விளக்கை எரியவிட்டுத் தானே விலகிக்கொள்ளும். ஒரு சக்கரம் தவறான சாட்சியம் சொன்னால், அதை நம்பிப் பிரேக்கை இயக்கும், விளக்கும் எரியாது. செத்த உணரிக்கும் பொய் சொல்லும் உணரிக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள அதன் வரலாறு உதவும்.

முதலில் அடிப்படை. பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் சுழல்வதை அறவே நிறுத்திவிட்டால் டயர் சாலையில் வழுக்கிக்கொண்டு செல்லும். முன்சக்கரங்கள் அவ்வாறு பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். சக்கரம் காரின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ பத்து முதல் இருபது விழுக்காடு வரை பின்தங்கிச் சுழலும்போதுதான் டயரின் பிடிப்பு உச்சத்தில் இருக்கிறது. அந்த எல்லைக்குள் சக்கரத்தை நிறுத்திவைக்க, பிரேக் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பலமுறை குறைத்துக் கூட்டுவதே ஏபிஎஸ்ஸின் வேலை.

இந்த எண்ணம் புதியதன்று. 1928இல் கார்ல் வெஸ்ஸல் என்பவர் ஜெர்மனியில் காருக்கான பிரேக் விசைக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். 1936இல் ராபர்ட் போஷ் நிறுவனம் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் கருவிக்குப் பெற்றது. 1953இல் டைம்லர்-பென்ஸின் ஹன்ஸ் ஷெரன்பெர்க் அதே நோக்கில் விண்ணப்பித்தார். காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தன. சக்கரம் எப்போது தயங்குகிறது என்பதை, அது முழுதாக நின்றுபோவதற்கு முன்பே, நம்பத்தக்க வகையில் அறிந்து சொல்லும் உறுப்புதான் கிடைக்கவில்லை.

அந்தச் சிக்கலுக்கு முதலில் விடை கண்டது விமானத்துறை. பிரிட்டனின் டன்லப் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய மாக்ஸரெட் என்னும் கருவியில் மின்சாரமே கிடையாது. விமானச் சக்கரத்தால் சுழற்றப்படும் சிறிய சுழல்தட்டு ஒன்று அதன் உள்ளே இருந்தது. சக்கரம் திடீரென வேகம் குறைந்தால் சுழல்தட்டு தன் உந்தத்தால் முந்திக்கொண்டு ஓடும்; அந்த முந்துதல் ஒரு வால்வைத் திறந்து பிரேக் அழுத்தத்தைத் தளர்த்தும். உணர்வதும் முடிவெடுப்பதும் செயல்படுவதும் ஒரே உறுப்பு. விக்கர்ஸ் வைகவுண்ட், ஃபோக்கர் ஃபிரண்ட்ஷிப் ஆகிய விமான வகைகளில் மாக்ஸரெட் இடம்பெற்றது. இவ்விரு வகைகளையும் இந்தியன் ஏர்லைன்ஸ் இயக்கியது. நாட்டின் சாலைகளில் ஏபிஎஸ் என்ற சொல் கேட்கப்படுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அதன் மூதாதை இந்நாட்டு ஓடுபாதைகளில் இறங்கிக்கொண்டிருந்தது என்பது பலரும் கவனியாத செய்தி.

காருக்கு மாக்ஸரெட் பொருந்தவில்லை. 1966இல் வெளிவந்த ஜென்சன் எஃப்எஃப் என்னும் பிரிட்டிஷ் கார் அதைப் பயன்படுத்தியது. ஆனால் நான்கு சக்கரங்களையும் தனித்தனியே கவனிக்க அதனால் இயலாது. எல்லாச் சக்கரங்களுக்கும் சக்தியைக் கொண்டுசெல்லும் இயக்கத்தொடரின் சுழற்சியை மட்டுமே அது பார்த்தது. விலை உயர்ந்த அந்தக் கார் மொத்தம் 320 மட்டுமே தயாரிக்கப்பட்டது.

திருப்பம் ஹைடல்பெர்க் நகரில் நேர்ந்தது. டெலிஃபுங்கன், பெண்டிக்ஸ் என்னும் இரு நிறுவனப் பெயர்களின் பாதிகளை ஒட்டிப் பெயர்பெற்ற டெல்டிக்ஸ் நிறுவனம், 1960களின் நடுவில் டைம்லர்-பென்ஸுடன் இணைந்து இந்த ஆய்வில் இறங்கியது. சக்கரத்தோடு உராய்ந்து அளவெடுக்கும் இயந்திர உணரிகள் தேய்ந்தன, அதிர்வில் பிழைத்தன. 1967இல் அவர்கள் தொடுகையே இல்லாத உணரிக்கு மாறினார்கள். பற்கள் கொண்ட ஓர் இரும்பு வளையம் சக்கரத்தோடு சுழலும். அதன் எதிரே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்டு, காந்தத்தின் மீது சுற்றிய கம்பிச்சுருள் அசையாமல் நிற்கும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது காந்தப்புலம் கூடிக் குறைந்து, சுருளில் சிறிய மாறுதிசை மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்தூண்டல் விதியைத் தவிர இதில் வேறெதுவும் இல்லை. தேய்வு இல்லை, வெளியிலிருந்து மின்சாரமும் வேண்டியதில்லை.

இந்த எளிமையில் ஒரு விலை ஒளிந்திருந்தது. சுருளில் பிறக்கும் மின்னழுத்தம் சக்கரத்தின் வேகத்தைப் பொறுத்தது. வேகமாகச் சுழன்றால் உரத்த குரல். மெதுவாகச் சுழன்றால் முணுமுணுப்பு. ஒரு குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழே கணினியால் அதைக் கேட்கவே இயலாது. இடைவெளி சிறிது கூடினாலும் குரல் வெகுவாகத் தாழ்ந்துவிடும். பின்னாளில் பட்டறைகளில் எழுந்த குழப்பங்கள் பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது.

1970 டிசம்பரில் டைம்லர்-பென்ஸும் டெல்டிக்ஸும் ஷ்டுட்கார்ட்டின் உண்டர்ட்யூர்க்ஹைம் ஓடுதளத்தில் முதல் மாதிரியைச் செய்துகாட்டின. வழுக்கும் தரையிலும் கார் நின்றது, திரும்பியது. ஆனாலும் விற்பனைக்கு வர மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. அந்த மாதிரியின் கட்டுப்பாட்டு அலகில் ஏறத்தாழ 1,000 மின்னணு உறுப்புகள் இருந்தன. ஆயிரத்தில் எது எப்போது பழுதாகும் என்று யார் சொல்ல இயலும்? பழுதான ஏபிஎஸ், ஏபிஎஸ் இல்லாத காரைவிடவும் ஆபத்தானது. அது பிரேக்கைத் தளர்த்தும் அதிகாரம் பெற்ற கருவி. தவறான வேளையில் தளர்த்தினால் கார் நிற்காது. 1970களின் நடுவில் பொறுப்பை ஏற்ற போஷ், ஒருங்கிணைந்த சில்லுகளைக் கொண்ட டிஜிட்டல் சுற்றுக்கு மாறி உறுப்புகளை 140 ஆகக் குறைத்தது. 1978இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் அது விற்பனைக்கு வந்தது.

அந்த எட்டு ஆண்டுகளில் அடிப்படை எண்ணம் மாறிவிடவில்லை. நம்பகமும் தற்சோதனையும்தான் வளர்ந்தன. கணினி தன்னைத்தானே இடைவிடாது சோதிக்கிறது. ஐயம் எழுந்தால் விளக்கை எரியவிட்டு, பிரேக்கைப் பழைய சாதாரணப் பிரேக்காக ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிடுகிறது. அந்த மஞ்சள் விளக்கை வெறும் துணைக்கருவியாகக் கருதலாகாது. அது இல்லையேல் ஏபிஎஸ்ஸைச் சாலைக்கு விட எந்தப் பொறியாளரும் துணிந்திருக்கமாட்டார்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஏபிஎஸ் என்பது ஆங்கிலச் சுருக்கம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அதன் மூலம் ‘ஆண்டிப்ளாக்கீர்சிஸ்டம்’ என்னும் ஜெர்மன் கூட்டுச்சொல். ‘ப்ளாக்கீரன்’ என்றால் இறுகி நின்றுபோதல். ஆங்கிலம் அம்மூன்று எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே வேறு சொற்களை நிரப்பிக்கொண்டது. அதனால்தான் ஜெர்மன் பெயரில் இல்லாத ‘பிரேக்’ ஆங்கில விரிவில் வந்து அமர்ந்தது. பெங்களூருப் பட்டறைகளில் தமிழ், கன்னடம், தக்கினி உருது மூன்றிலும் எழுத்துகள் மட்டுமே வழங்குகின்றன. விரிவை எவரும் கேட்பதில்லை. பொருளைச் சுட்ட அவை போதுமானவையாக இருக்கின்றன.

பெங்களூருக்கும் ஷ்டுட்கார்ட்டுக்கும் உள்ள உறவு நீண்டது. 1951இல் தொடங்கப்பெற்ற மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது மைக்கோ, ஆடுகோடியில் ஆலை அமைத்து ஸ்பார்க் பிளக்கும் டீசல் எரிபொருள் பம்பும் தயாரித்தது. 2008இல் அதன் பெயர் போஷ் லிமிடெட் என மாறியது. மைக்கோ லேஅவுட் என்னும் குடியிருப்பின் பெயர் மாறவில்லை. 1996இல் டைம்லர்-பென்ஸும் இந்நகரில் தன் ஆய்வு மையத்தைத் திறந்தது. 1978இன் ஏபிஎஸ்ஸை உருவாக்கிய இரு நிறுவனங்களும் ஜெர்மனிக்கு வெளியே தங்கள் மிகப் பெரிய பொறியியல் அணிகளில் ஒன்று பெங்களூரில் இருப்பதாகவே சொல்லிவருகின்றன. கார்களுக்கான மென்பொருள் எழுதப்படும் கட்டடங்களுக்கும், காரின் விளக்கு ஏன் எரிகிறது என்று தெரியாமல் விளக்கைப் பிடுங்கும் பட்டறைகளுக்கும் இடையே உள்ள தொலைவு சில கிலோமீட்டர்தான். கடப்பவர் மிகச் சிலர்.

இந்தியச் சிறுகார்களில் ஏபிஎஸ் நெடுங்காலம் விருப்பத் தேர்வாகவே இருந்தது. 2005இல் வந்த மாருதி ஸ்விஃப்டில் உயர்வகைக்கு மட்டும் அது கிடைத்தது. பின்னர் ‘விஎக்ஸ்ஐ ஏபிஎஸ்’ என்றே ஒரு வகை விற்கப்பட்டது. பாதுகாப்புக் கருவி ஒன்று பட்டப்பெயரைப் போலக் காரின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட காலம் அது. புதிய மாதிரிகளுக்கு 2018 ஏப்ரல் முதலும், விற்பனையில் உள்ள எல்லாக் கார்களுக்கும் 2019 ஏப்ரல் முதலும் அது கட்டாயமானது. ஆகவே இன்று பெங்களூரில் ‘ஏபிஎஸ் உள்ள பழைய கார்’ என்று வருவது, அன்று கூடுதல் பணம் கொடுத்து அந்தப் பாதுகாப்பை வாங்கிய ஒருவரின் கார். இப்போது இரண்டாவது அல்லது மூன்றாவது கைக்கு மாறியிருக்கும்.

அத்தகைய காரில் கம்பிச்சுருள் உணரி இருந்தால் செத்த உணரியைக் கண்டுபிடிப்பது கடினமன்று. மல்டிமீட்டர் போதும். சுருளின் மின்தடை பெரும்பாலும் ஆயிரம் முதல் இரண்டாயிரம் ஓம் வரை இருக்கும். முடிவிலி காட்டினால் கம்பி அறுந்தது. மிகக் குறைவாகக் காட்டினால் சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. சரியான எண் எது என்று நூல் கிடைக்காதபோது அனுபவமுள்ளவர்கள் எதிர்ப்பக்கச் சக்கரத்தையே நூலாகக் கொள்கிறார்கள்: இடது முன்சக்கரம் 1,150 ஓம், வலது முன்சக்கரம் 1,900 ஓம் என்றால் ஏதோ ஒன்று சரியில்லை. காலையில் நன்றாக இருந்து, போக்குவரத்து நெரிசலில் பிரேக் சூடேறியபின் மட்டும் விளக்கு எரிந்தால், சூட்டில் விரியும்போது விலகும் முறிவு சுருளுக்குள் இருக்கிறது என்று பொருள். குளிர்ந்தபின் அளந்தால் மீட்டர் எல்லாம் சரி என்றே சொல்லும். பிறகு காரை ஜாக்கியில் தூக்கி, மீட்டரை மாறுதிசை வோல்ட்டுக்கு மாற்றி, சக்கரத்தைக் கையால் நொடிக்கு ஒரு சுற்று வீதம் சுழற்ற வேண்டும். ஒரு வோல்ட்டின் பத்தில் சில பங்காவது எழ வேண்டும். மின்தடை சரியாக இருந்தும் மின்னழுத்தம் எழவில்லையானால் குற்றவாளி உணரி அல்ல. இடைவெளியோ பல் வளையமோதான். இந்த இரண்டாம் சோதனையைச் செய்யாமல் உணரியை மாற்றுவதே பணம் வீணாவதற்கு முதற்காரணம்.

கடினமானது பொய்ச் சாட்சியம். 48 பற்கள் கொண்ட வளையமும் 1.8 மீட்டர் சுற்றளவுள்ள டயரும் கொண்ட காரை எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரத்திலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 267 துடிப்புகள் வரும். 5 கிலோமீட்டர் வேகத்தில் 37 துடிப்புகள், அவையும் மெலிந்தவை. உணரி அமரும் இடத்தில் துரு படிந்து அதை அரை மில்லிமீட்டர் மேலே தள்ளிவிட்டது என்றால், வேகமாக ஓடும்போது எதுவும் தெரியாது. சிக்னலில் நிற்பதற்காக வேகத்தைக் குறைக்கையில், மற்ற மூன்று சக்கரங்களின் துடிப்பு கேட்டுக்கொண்டிருக்கும்போதே இந்தச் சக்கரத்தின் குரல் முன்கூட்டி மறைந்துவிடும். கணினியின் கண்ணில் அது பூட்டிக்கொண்ட சக்கரம். எனவே அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தளர்த்துகிறது. பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிரும்; உலர்ந்த சமதளச் சாலையில், நடக்கும் வேகத்தில், கார் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டிப் போய் நிற்கும். கணினியின் பார்வையில் எல்லாம் முறைப்படியே நடந்தது. எனவே பழுதுக்குறியீடு பதிவாகாது.

இது கற்பனையன்று. 2005 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டார்ஸ் இதே காரணத்திற்காக அமெரிக்காவில் ஏறத்தாழ 8 லட்சம் பிக்கப், எஸ்யூவி வண்டிகளைத் திரும்ப அழைத்தது. குளிர்காலத்தில் பனியைக் கரைக்கச் சாலையில் உப்பைத் தூவும் மாகாணங்களில் ஓடிய 1999 முதல் 2002 வரையிலான மாதிரிகள் அவை. உப்பு உணரியின் இருக்கையை அரித்து இடைவெளியைக் கூட்டியிருந்தது. குறைந்த வேகத்தில் ஏபிஎஸ் தேவையின்றி விழித்துக்கொண்டது. தீர்வாக அந்த இடம் சுத்தம் செய்யப்பட்டுத் துருத்தடுப்புப் பூசப்பட்டது. பெங்களூரில் பனியும் இல்லை, சாலை உப்பும் இல்லை. ஆனால் சென்னையின் கடற்காற்றில் பத்தாண்டு நின்றுவிட்டு இங்கே விற்கப்படும் காருக்கு இந்நகரின் நல்ல காற்று பழைய துருவை நீக்கித் தராது.

இன்னொரு பொய் பல் வளையத்தின் விரிசல். வளையத்தின் அடியில் துரு பருத்து அதை ஓரிடத்தில் பிளந்துவிடும். பிளந்த இடத்தில் பல்லிடைவெளி சற்று அகலும். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரேயொரு முறை, அதாவது 1.8 மீட்டருக்கு ஒருமுறை, சக்கரம் கணநேரம் தயங்கியதாகக் கணினிக்குத் தோன்றும். புதிய உணரி மாட்டினாலும் இது மாறாது, ஏனெனில் உணரி உள்ளதை உள்ளபடியே சொல்லுகிறது. ஓர் ஈரத்துணியால் வளையத்தைத் துடைத்து, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி டார்ச் விளக்கில் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இதற்கு இல்லை. செலவும் இல்லை.

ஸ்கேனர் இருந்தால் இவ்வளவும் தேவையா என்று கேட்கப்படுகிறது. இங்கே சட்டத்தின் வரலாறு குறுக்கிடுகிறது. காரின் கணினி தன் பழுதுகளைப் பொதுவான மொழியில் சொல்ல வேண்டும் என்ற விதி புகையைக் கட்டுப்படுத்தவே பிறந்தது. அமெரிக்காவில் 1996 முதல் ஓபிடி-2 கட்டாயமாயிற்று. இந்தியாவில் 2010 ஏப்ரலில் பெங்களூரு உள்ளிட்ட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ்-4 நடைமுறைக்கு வந்தபோது ஓபிடியின் முதற்கட்டமும், 2013இல் இரண்டாம் கட்டமும் வந்தன. இவை எஞ்சினுக்கும் புகைக்கும் உரியவை. பிரேக்கின் கணினியை எல்லாரும் படிக்கும்படி திறந்துவைக்க எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ரீடர் எஞ்சினோடு தாராளமாகப் பேசும்; ஏபிஎஸ் அலகிடம் பெரும்பாலும் வாய் திறக்காது. புகையைப் பற்றிய பழுது பொதுச்சொத்தாகவும், பிரேக்கைப் பற்றிய பழுது தயாரிப்பாளரின் தனிச்சொத்தாகவும் ஆனது வினோதமே. 2010க்கு முந்திய காரில் அந்த ரீடர் எஞ்சினோடு பேசும் என்பதற்கும் உறுதி இல்லை.

குறியீடு கிடைத்தாலும் அதை வாசிப்பதில் கவனம் வேண்டும். ‘சி 0035’ என்பது இடது முன்சக்கர வேக உணரியின் மின்சுற்றைக் குறிக்கும். ‘சி 0040’ வலது முன்சக்கரத்தினுடையது. குறியீடு சுட்டுவது ஓர் இடத்தை, ஒரு பொருளை அன்று. அந்தச் சுற்றில் உணரியும் இருக்கிறது, வயரும் இருக்கிறது, கனெக்டரும் இருக்கிறது. இடம்சுட்டும் சொற்களிலும் ஒரு பொறி உண்டு. அமெரிக்கக் கையேடுகளும் காணொளிகளும் ‘ஓட்டுநர் பக்கம்’ என்றால் அது இடப்பக்கம். இந்தியக் காரில் ஓட்டுநர் பக்கம் வலப்பக்கம். மொழிபெயர்ப்பில் பிழை ஏதும் இன்றியே தவறான சக்கரம் கழற்றப்படுகிறது. இடம் வலம் இரண்டும் இருக்கையில் அமர்ந்து முன்னோக்கிப் பார்ப்பவரின் இடம் வலம். காரின் முன்னே குனிந்து நிற்கும் மெக்கானிக்கினுடையவை அல்ல.

1990களின் பிற்பகுதியிலிருந்து கம்பிச்சுருள் படிப்படியாக விலகியது. அதன் இடத்தில் ஹால் விளைவையோ காந்தத்தடை மாற்றத்தையோ பயன்படுத்தும் குறைக்கடத்தி உணரி வந்தது. இது மின்சாரம் பெற்றே இயங்கும். பல் கடக்கும்போதெல்லாம் தன் வழியே செல்லும் மின்னோட்டத்தை 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் இடையே மாற்றும். வேகம் குறைந்தாலும் குரல் தாழாது. ஏறத்தாழ நிற்கும் நிலை வரை பேசும். முணுமுணுப்பின் சிக்கல் தீர்ந்தது. கூடவே மல்டிமீட்டரின் காலமும் முடிந்தது: இதன் மின்தடையை அளந்தால் வரும் எண் எதையும் சொல்லாது. பழைய பழக்கத்தில் ஓமை அளந்து, நல்ல உணரியைக் குப்பையில் போடுவது இன்றும் நடக்கிறது.

இப்புதிய வகையில் பல் வளையமும் மறைந்தது. பேரிங்கின் ஒரு பக்க ரப்பர் மூடியிலேயே வடக்கும் தெற்குமாகக் காந்தப் பட்டைகள் பதிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். பேரிங்கைத் திருப்பி மாட்டிவிட்டால் உணரி வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏபிஎஸ் விளக்கு எரியும். ‘பேரிங் மாற்றினேன், சென்சார் போய்விட்டது’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லப்படும். ஒரு பேப்பர் கிளிப் போதும்: எந்தப் பக்கத்து மூடி அதை இலேசாக இழுக்கிறதோ அந்தப் பக்கம் உணரியை நோக்க வேண்டும்.

இந்நகருக்கே உரிய காரணங்களும் உண்டு. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியதைப் போன்ற மழைகளுக்குப் பின், கனெக்டருக்குள் புகுந்த நீர் மாதங்கள் கழித்துப் பச்சைப் பூசணமாய் வெளிப்படும். அடித்தளப் பார்க்கிங்கில் வயரைக் கடிக்கும் எலி எந்தக் கையேட்டிலும் முதலிடம் பெறுவதில்லை. இங்கே பெற வேண்டும். புதிய உணரியின் விலைக்கு அஞ்சுவோர் சிவாஜிநகரின் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போகிறார்கள். சென்னையில் காயலான் கடை எனப்படுவது இங்கே கன்னட வழக்கில் குஜரி. அங்கே கிடைக்கும் உணரி தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கும். அது சுருளா, குறைக்கடத்தியா என்பதைப் பெயர்ப்பலகை சொல்லாது. இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் கணினிக்குப் புரியாத மொழியில் ஒரு சாட்சி பேசும்.

எல்லாவற்றுக்கும் பிறகு விளக்கைப் பிடுங்குவது ஏன் தவறு என்பதற்குக் காரணம் உண்டு. ஏபிஎஸ் விலகிக்கொண்டாலும் சாதாரணப் பிரேக் வேலை செய்யும். ஆகவே ஒன்றும் ஆகிவிடவில்லை என்று தோன்றும். ஆனால் பல கார்களில் முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பங்கிடும் இபிடி என்னும் வேலையையும் அதே அலகுதான் செய்கிறது. மஞ்சள் விளக்கோடு சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அந்தப் பங்கீடும் போயிற்று என்று கொள்ள வேண்டும். கடுமையான பிரேக்கில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளக்கூடும். காரை விற்பவர் இதைச் சொல்லப்போவதில்லை. பதினைந்து ஆண்டுகள் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் கட்டணம் கட்டும் புதிய உரிமையாளர், அந்தப் பதினைந்து ஆண்டுகளில் எந்த விளக்கு எப்போது அணைக்கப்பட்டது என்பதை அறியமாட்டார். அவர் செய்யக்கூடியது ஒன்று: சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைகிறதா என்று பார்ப்பது. எரியவே இல்லை என்றால் பல்பு பிடுங்கப்பட்டிருக்கலாம். எஞ்சின் ஆயில் விளக்கோடு சேர்ந்தே அணைந்தால், அதன் வயரோடு இது முடிச்சிடப்பட்டிருக்கலாம்.

விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகிறது, குறியீடும் இல்லை, ஆனால் நிற்கும் தறுவாயில் பெடல் அதிர்கிறது என்றால் கடைசிச் சோதனை ஒன்று இருக்கிறது. வாகனங்கள் இல்லாத திறந்தவெளியில், உலர்ந்த தரையில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாகப் பிரேக் பிடித்து நிறுத்திப் பார்க்க வேண்டும்; பின்னர் ஏபிஎஸ் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, விளக்கு எரியும் நிலையில், அதையே மீண்டும் செய்ய வேண்டும். அதிர்வு தொடர்ந்தால் பிரேக் தட்டு கோணியிருக்கிறது. அதிர்வு நின்றுவிட்டால் நான்கு சக்கரங்களில் ஒன்று பொய் சொல்கிறது. ஃபியூஸைத் திரும்ப மாட்டிவிட்டு, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, முதலில் இடைவெளியையும் பிறகு வளையத்தையும் பார்க்கத் தொடங்கலாம்.